மூன்று ஈக்களின் ஒரே ஆயுள்

பதினெட்டு வருடம் நான் ஈக்களுக்குச் சமைத்துப் போட்டேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்குமே, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஈ, அதை மைசூரில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் பாட்டில்களில் வளர்த்தார்கள். அத்தனைக்கும் சோறு என் கையால்தான்.

ரவை, வெல்லம், கடல்பாசித் தூள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கடல்பாசியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ரவையைத் தூவிக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். கேசரி கிண்டத் தெரிந்தவளுக்கு இதுவும் தெரியும். ஆனால் கடைசியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அதில்தான் கைப்பக்குவம். கூடினால் ஈ சாகும். குறைந்தால் மூன்றாம் நாள் பச்சை படரும். சூடு ஆறுவதற்குள் பாட்டில்களில் ஊற்றி, மறுநாள் மேலே ஒரு சொட்டு ஈஸ்ட் விட்டு, பஞ்சை உருட்டி வாயை அடைக்க வேண்டும்.

என் பாட்டிலில் பூஞ்சை என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு முறை நான் காய்ச்சலில் படுத்த வாரம் வேறொருத்தி கிண்டினாள், மூன்று வரிசை வீணாகப் போயிற்று. நான் திரும்பி வந்தபோது அங்கே எல்லோருக்கும் மேலே இருந்த பெரிய சார், "பந்த்ரம்மா? வந்துட்டீங்களா? வாங்க வாங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பாட்டில்மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு வராது. எண் தெரியும், மையின் நிறம் தெரியும். கை சுத்தமாக இருந்ததால் நாளாக ஆக ஈக்களை மாற்றும் வேலையையும் எனக்குக் கொடுத்தார்கள். புதுச் சோறு இருக்கும் கண்ணாடிக் குழாயின் வாய்மேல் பழைய குழாயைக் கவிழ்த்து அடியில் தட்டினால் உயிருள்ளவை கீழே இறங்கும். செத்தவை பழைய சோற்றோடு ஒட்டிக் கிடக்கும். அவற்றை எண்ணி எழுதிவிட்டு, எண்ணெய் ஊற்றி வைத்திருக்கும் ஒரு குப்பியில் தட்டிவிட வேண்டும். அந்தக் குப்பியின் அடியில் கறுப்பாக ஒரு அங்குல உயரத்துக்கு ஈக்கள் படிந்திருக்கும். நான் அதைப் பார்க்காமலே கழுவப் பழகியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு பாதியில் கன்னடத்துக்குப் போய்த் திரும்பி வரும். நான் அவளை அம்மணி என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பிரியத்துக்கும் மரியாதைக்கும் அந்த ஒரு சொல்தான். அவள் கொண்டுவந்த ஈக்களுக்குக் கண் வெள்ளை. மற்ற ஈக்களுக்கெல்லாம் செங்கல் நிறக் கண். வெள்ளைக்கண் ஈக்கள் பத்தாம் நாளே தள்ளாட ஆரம்பித்தன. குழாய்ச் சுவரில் ஏறிப் பாதியில் வழுக்கி விழுந்தன. இரண்டு மூன்று வாரத்தில் குழாய் காலியாகிவிடும்.

எனக்கு முதலில் என் சோற்றின்மேல்தான் சந்தேகம் வந்தது.

"ஏன் அம்மணி, என்ர சோத்துல ஏதாச்சும் கொறையா?"

"அய்யோ, இல்லம்மா. உங்க சாப்பாடு ஃபர்ஸ்ட் கிளாஸ். சேஞ்சே பண்ணாதீங்க. இதுங்க பொறப்பே அப்படி. உடம்புக்குள்ள ஒரு எழுத்து மாறியிருக்கு, அஷ்டே, அவ்ளோதான்."

"எழுத்தா? ஈக்குள்ள எங்கிருந்து எழுத்து?"

அவள் சிரித்தாள். "எல்லா உசுருக்குள்ளயும் இருக்கும்மா. கை இப்படி, கண்ணு இப்படின்னு எழுதி வெச்ச மாதிரி. அதுல ஒரே ஒரு எடத்துல தப்பு வந்தா, சில தப்பு ஆயுசக் கொறைக்கும். சில தப்பு ஆயுசக் கூட்டவும் கூட்டும், அதையும் தேடிட்டுதான் இருக்காங்க. மத்த ஈ ரெண்டு மாசம் இருக்கும். இது இருவது நாள் இருந்தா ஜாஸ்தி."

"அது அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வருமா?"

"வரும். பரம்பரைன்னா அதானே."

"அப்பன் போன வயசுலதான் பிள்ளையும் போகுமா?"

அவள் கண் மைக்ராஸ்கோப்பில் இருந்தது. "ம், கிட்டத்தட்ட அதே வயசுதான்" என்றாள். அப்புறம் எதையோ எழுதப் போய்விட்டாள். என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது.

என் மகனுக்கு அப்போது முப்பத்தேழு.

என் மாமனார் எங்கள் ஊர் மார்டள்ளியில் கிணற்று மேட்டில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். முப்பத்தெட்டு வயது. அவருடைய மூத்த மகன், என் கணவரின் அண்ணன், கரும்புக்கட்டை வண்டியில் ஏற்றும்போது போனார். அவருக்கு முப்பத்தொன்பது. இப்படியே போனால் நாமும் இங்கேயே விழுவோம் என்று என் கணவர் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தார். ஊரைவிட்டு வந்தால் விட்டுவிடும் என்று நினைத்தார். இரண்டாவது மாடிக்கு சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப்போய் இறக்கிவைத்தார், உட்கார்ந்தார், கொத்தனாரிடம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வரும்போது அவர் இல்லை. அவருக்கும் முப்பத்தெட்டு. ஊரில் எங்களை "நாப்பது காணாத வூடு" என்பார்கள். என் காதுபடவே சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்தபோது என் மாமியார் இவனை ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்றார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். எமன் வந்து தேடினால், அந்த வீட்டுப் பிள்ளை இங்கே இல்லை, இது வேறு யாருடையதோ பிள்ளை என்று குழம்பித் திரும்பிப் போய்விடுவானாம். மூன்றாம் நாள் அந்தத் தவிட்டைக் கொடுத்து நான் இவனைத் திரும்ப வாங்கினேன். இவன் தங்கினான். ஆளை மாற்றினால் எமனை ஏமாற்றலாம் என்று எனக்கு அன்று முதல் தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் அவன் லக்கேஜ் ஆட்டோ ஓட்டினான். ஓட்டுவதோடு நிற்காமல் கடைக்காரர்களின் மூட்டையையும் தோளில் போட்டு இறக்கிவைப்பான். அப்பனைப் போல அகலமான தோள். தன் வீட்டு ஆண்களைப் பற்றி அவனுக்குத் தெரியும், அதை வைத்தே விளையாடுவான்.

"அம்மோவ், எனக்கு இன்னும் ஒரு வருசந்தான். அதுக்குள்ள ஒரு கலர் டிவி வாங்கிரலாமா?"

"வாயில அடுப்புக்கட்டைய வெக்க."

"பார், எமனுக்கு முன்னாடி எங்கம்மாளே அனுப்பி வெச்சிரும்."

அவன் மனைவி கொள்ளேகாலில் பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பெண். இதெல்லாம் அவளுக்கு வெறும் கேலி. அப்பனும் பெரியப்பனும் எந்த வயதில் போனார்கள் என்று பெண் கேட்கப் போனபோது அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலை நிமிர்ந்து போய்த் தலை நிமிர்ந்து வந்தேன். சொல்லாமல் இருந்ததைப் பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

சாமுண்டி மலைக்குப் படியேறினேன், மாதேஸ்வரன் மலைக்கும் போனேன். ஆனால் அந்தப் பெண் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்ன வார்த்தைக்குப் பிறகு எனக்குக் கோயில் போதவில்லை. பதில் குழாய்க்குள் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அவள் புதிதாக வெள்ளைக்கண் ஆண் ஈக்களைக் குழாய்க்கு இருபத்தைந்தாகப் போட்டு வைத்த அன்று, நான்காம் வரிசையில் கடைசிக் குழாயை மனதுக்குள் என் மகனுக்கு என்று குறித்தேன். ஒரு நாள் ஒரு வயது. இதில் ஒரே ஒரு ஈ நாற்பது நாள் தாண்டினால் போதும், அவன் தாண்டிவிடுவான். இப்படித்தான் வேண்டிக்கொண்டேன். நான் வேண்டியதைக் கேட்க அங்கே ஒரு சாமியும் இல்லை.

அந்த வருடம் தசராவுக்கு எல்லோரும் விடுமுறையில் போனார்கள். அவளும் பெங்களூரில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போனாள். "மூணு நாளுக்கு ஒரு தடவ மாத்தி, செத்தத எழுதி வெச்சிடுங்கம்மா. உங்கள நம்பித்தான் போறேன்" என்றாள். ஆயுத பூஜை அன்று நான்தான் மைக்ராஸ்கோப்புக்கும் அடுப்புக்கும் ஈக்குழாய்களை வைக்கும் பெட்டிக்கும் குங்குமம் வைத்துச் சாமந்தி சாத்தினேன். அரண்மனைப் பக்கம் இருந்து ஊர்வல ஒத்திகையின் மேளம் காற்றில் வந்து வந்து போயிற்று. அந்தப் பெரிய அறையில் நானும் ஈக்களும்தான். பல்லாயிரம் உயிர் இருக்கும் அறை, ஆனால் காது வைத்துக் கேட்டாலும் ஒரு சத்தம் இராது. அது எனக்கு என்றுமே பழகவில்லை.

நான்காம் வரிசைக் கடைசிக் குழாயில் ஒரே ஒரு ஈ மிச்சமிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். "இருக்கியா கண்ணு?" என்பேன். சுவரில் பாதிவரை ஏறி நிற்கும். இருபத்திரண்டாம் நாள் காலையில் அது சோற்றின்மேல் மல்லாந்து கிடந்தது. ஆறு காலும் மடிந்திருந்தன.

 பிறகு என் கை செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதே வெள்ளைக்கண் ஈக்கள் வளரும் பெரிய பாட்டிலை எடுத்தேன். புதிதாகப் பிறந்து வந்தவற்றில் வால்நுனி கறுத்த ஆண் ஈ ஒன்றைப் பிரித்து அந்தக் குழாயில் விட்டேன். செத்ததை எண்ணெய்க் குப்பியில் போட மனம் வரவில்லை. ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் போட்டு மடியில் முடிந்துகொண்டேன். நோட்டில் அந்தக் குழாய்க்கு நேரே, சாவு இல்லை என்று ஒரு வட்டம் போட்டேன்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். "அரே, இது இன்னும் இருக்கா?" என்றாள். இரண்டாவது ஈ முப்பத்தைந்தாம் நாள் செத்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றாவதை விட்டேன். தீப்பெட்டியில் இரண்டு சேர்ந்தன.

நாற்பத்தொன்றாம் நாள் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். "அம்மா, நாப்பது தாண்டிருச்சும்மா! இந்த ஜாதியில யாரும் பார்த்ததில்ல. கண்ணும் வெள்ளதான், வேற ஈ கலக்கல. இதுக்குள்ள இன்னொரு எழுத்து மாறியிருக்கும்மா. முதல் தப்ப ரெண்டாவது தப்பு சரி பண்ணியிருக்கு!"

நானும் அழுதேன். அவள் தனக்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்தாள். அன்று சாயந்தரம் மகனுக்குப் பிடித்த கொள்ளுப்பருப்புக் கடைந்து வைத்தேன். அவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, நான் நிம்மதியாக இருந்தேன்.

அவள் அந்த ஈயைப் பெண் ஈக்களோடு சேர்த்தாள். அது ஒரு வாரத்தில் செத்தது. அதன் பிள்ளைகள் நீண்ட நாள் வாழும் என்று அவள் காத்திருந்தாள். அவை மற்றவற்றைப் போலவே பத்தாம் நாள் தள்ளாடி இருபதாம் நாள் விழுந்தன. பேரப்பிள்ளைகளில் தெரியும் என்றாள். அவையும் விழுந்தன. காலை எட்டு மணிக்கு வருவாள், இருட்டும்வரை எண்ணுவாள். முகம் சுண்டிப்போயிற்று. பெரிய சார் வேறு, எல்லோர் முன்னாலும் இதைப் பற்றி அவளைப் பேசச் சொல்லித் தேதி குறித்துவிட்டார்.

சங்கராந்தி அன்று நான் எள்ளும் வெல்லமும் கொண்டுபோனேன். அவள் செத்துப்போன அந்த ஈயைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க வாங்க, நீங்களும் பாருங்க. நீங்க வளத்த ஈதானே."

பதினெட்டு வருடத்தில் அன்றுதான் நான் அந்தக் கருவியில் கண்ணை வைத்தேன். ஈ ஒரு கோழி அளவுக்குத் தெரிந்தது. மேலெல்லாம் முடி. வெள்ளைக் கண், கல் உப்பை அடுக்கிய மாதிரி. அது என்னைத்தான் பார்த்தது.

"றெக்கையப் பாருங்க. வயசான ஈக்கு ஓரமெல்லாம் பிஞ்சு கந்தலா இருக்கும். இது நாப்பத்தேழு நாள் இருந்தது, ஆனா றெக்கை நேத்துப் பொறந்த மாதிரி முழுசா இருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியல அம்மா. இது வாழவே இல்லாத மாதிரி இருக்கு."

 எள்ளையும் வெல்லத்தையும் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மருமகள் நின்றாள்.

"அத்த, உங்க மவன் இன்னிக்கி மண்டியில மூட்டையோட உக்காந்துட்டாராம். கண்ண இருட்டிருச்சாம். என்கிட்ட சொல்லாதன்னு கூட இருந்தவங்ககிட்ட சொல்லியிருக்காரு. கேட்டா வெயிலுங்கறாரு. தை மாசத்துல என்ன வெயிலு?"

உள்ளே அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்பனும் கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்தார் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். எமன் குழம்பவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். திறக்கவில்லை. இரண்டு ஈக்கு எடையே கிடையாது, ஆனால் இரவெல்லாம் அதை உள்ளங்கையில் வைத்திருந்ததில் கை மரத்துப்போயிற்று.

மறுநாள் காலை அவள் மேசைமேல் தீப்பெட்டியை வைத்தேன்.

"என்னம்மா இது?"

"உங்க ஈங்க அம்மணி. நெசமான ஈ இதுக்குள்ள இருக்கு. இருவத்திரண்டாம் நாளே செத்துப்போச்சு. ரெண்டாவதும் இதுலதான். நீங்க பார்த்தது மூணாவது. நாந்தான் மாத்தி மாத்தி விட்டேன்."

அவள் தீப்பெட்டியைத் திறந்தாள். முதல் ஈயை எடுத்துக் கருவிக்கடியில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். "றெக்கை பிஞ்சிருக்கு" என்றாள். பிறகு நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகக் கோடு போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பேனா தாளைக் கிழித்தது.

"ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்? மூணு மாசம்மா. மூணு மாசம் நான் தூங்கல."

"உங்களுக்காகச் செய்யலைங்க."

"பின்ன யாருக்கு?"

சொன்னேன். கிணற்று மேடு, கரும்பு வண்டி, சிமெண்ட் மூட்டை, தவிடு, நான்காம் வரிசைக் குழாய், நேற்றைய மயக்கம், எல்லாம். பெண் கேட்கப் போன வீட்டில் சொல்லாததைக்கூடச் சொன்னேன். அழவில்லை. நின்றபடிதான் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்பன் போன வயசுலதான் பிள்ளையும்னு நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பாச் சொல்லியிருக்கேன். நீங்களே எத்தன தடவ குழாய் மாத்தியிருக்கீங்க. ஒரே குழாய், ஒரே எழுத்து, ஒரே சோறு. ஒண்ணு ஏழாம் நாள் போகுது, ஒண்ணு இருவத்திரண்டாம் நாள் போகுது. எது எதுன்னு முன்கூட்டிச் சொல்லச் சொன்னா பெரிய சாராலயும் முடியாது. மொத்தத்துக்குத்தான் எங்களுக்குக் கணக்குத் தெரியும். ஒத்த ஈக்குத் தெரியாது. அதோட உங்க மகன் ஈ இல்ல. ஈய நான் பெட்டியில வெச்சுச் சாகறவரைக்கும் பாத்துட்டே இருக்கேன். அவர ஏன் நீங்களும் அப்படிப் பாத்துட்டு இருக்கீங்க? டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

இல்லை. ஒரு முறைகூட இல்லை. முப்பத்தேழு வருடம் நான் எமனைப் பற்றியே நினைத்தேன், டாக்டரைப் பற்றி நினைக்கவில்லை.

"மாத்தும்போது நான்தான் கலந்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். அதற்கு நான் ஒப்பவில்லை. நான் செய்ததை இன்னொருத்தி தலையில் வைத்துக்கொள்ள விடுகிறவள் இல்லை. நானே பெரிய சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, இனிமேல் குழாய்களைத் தொட வேண்டாம், சமையலும் கழுவுவதும் மட்டும் என்றார். அது நியாயம். ஓய்வு பெறும்வரை நான் ஒரு ஈயையும் தொடவில்லை.

மகனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"தவிட்டுக்கு வித்தது பத்தலைன்னு இப்ப ஈ கூடச் சேத்துட்டியா என்னைய?"

"ஆமாண்டா. சேத்தேன். எந்திரிச்சு வா."

மருமகளோடு ஆய்வுக்கூடத்துப் பெண்ணும் கூட வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். திரையில் அவன் இதயம் கறுப்பு வெள்ளையாகத் துடித்தது. ஒரு பக்கத்துச் சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். குடும்பத்தில் வருவது, அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும், கனம் தூக்கும்போது நின்றுவிடும் என்றார். தினமும் மாத்திரை, இனி மூட்டை தூக்கவே கூடாது, ஓடக் கூடாது. எத்தனை வருடம் என்று நான் கேட்டேன். அது தெரியாது என்றார் அவரும்.

ஆட்டோவில் திரும்பும்போது மருமகள் வெளியே தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா அத்த?"

"சாவு தெரியும். நோவு தெரியாது."

"எங்கப்பன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இவனக் கட்டியிருப்பியா?"

"கட்டியிருப்பேன்" என்றாள். "மூட்டை தூக்க விட்டிருக்க மாட்டேன்."

  என் கணவருக்கும் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம் என்பதும், தன் அப்பாவும் அண்ணனும் போன பிறகே அவர் போனார் என்பதும், அன்று காலை சிமெண்ட் மூட்டையைத் தூக்க அவரை வேலைக்கு அனுப்பியவள் நான்தான் என்பதும் அந்த ஒரு பேச்சில் என்மேல் வந்து உட்கார்ந்தன. அவை இறங்கவே இல்லை.

அவன் ஆட்டோவை விற்றான். ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. முப்பத்தெட்டு வந்தது. அந்த வருடம் முழுவதும் நான் அவன் படுத்திருக்கும்போது வாசற்படியில் நின்று அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். குழாயைப் பார்த்ததுபோலத்தான். முப்பத்தொன்பது வந்தது. நாற்பது முடிந்த அன்று நான் எதுவும் கொண்டாடவில்லை. எமனுக்குக் காது கேட்கும்.

அந்தப் பெண் வேறு ஈக்களை வைத்துப் புதிதாக ஆரம்பித்துப் பட்டம் வாங்கினாள். போகும் அன்று என் சமையல் அறைக்கு வந்து தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்களோடதும்மா" என்றாள். இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது ஈயையும் அதில் வைத்திருந்தாள். மூன்றும் சேர்ந்து வாழ்ந்தது நாற்பத்தேழு நாள், ஆனால் அதில் ஒன்றுகூட நாற்பதைப் பார்க்கவில்லை.

இப்போது என் மகனுக்கு ஐம்பத்திரண்டு. ஆண்களில் இந்த வயது வரை வந்தவரை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை, அதனால் அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. பேத்திக்கும் அந்தக் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். அவள் உள்ளே இருக்கும்போது வெளியே பெஞ்சில் எனக்கு வெல்லமும் அமிலமும் கலந்த வாடை அடிக்கும். கூட இருக்கிறவர்களுக்கு அடிப்பதில்லை.

சில காலை நேரம் அவன் திரும்பி என்னைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடும். நரைத்த மீசையோடு என் கணவர். அவர் இப்படி ஆகவே இல்லை, நான் அவரை இப்படிப் பார்த்ததே இல்லை, ஆனால் அவர்தான். செத்தவர் வந்து என் மகனுக்குள் மெல்ல மெல்ல வயதாகிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். இது என் பிள்ளைதானா, இடையில் எந்தக் கையாவது மாற்றி வைத்துவிட்டதா என்றும் ஒரு கணம் தோன்றும். அப்படி மாற்றிய கை என்னுடையது, அதனால்தான் அந்த நினைப்பு என்னை விடுவதில்லை.

போன மாதம் அவனுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு வந்து காட்டினான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் வாயைத் திறக்கச் சொன்னேன். வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஈறு சுருங்கியிருந்தது, பக்கத்துப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது, கண்ணோரம் தோல் மடிந்து மடிந்து கந்தலாக இருந்தது.

"என்னம்மா, பல்லு போனதுக்கு இப்படிச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அன்று பாயசம் வைத்தேன்.